சொறியும் கை, ஊற்றும் கை

பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தில் மாகந்திய சுத்தம் என்றொரு பகுதி உண்டு. குரு நாட்டில் மாகந்தியர் என்ற நாடோடித் துறவியிடம் புத்தர் ஒரு தொழுநோயாளியைப் பற்றிச் சொல்கிறார். அவர் உடம்பெல்லாம் புண். நகத்தால் பக்கைப் பெயர்த்துக்கொண்டே இருக்கிறார். கரி கனன்றுகொண்டிருக்கும் குழியருகே போய் உடம்பை வாட்டிக்கொள்கிறார். செய்யச் செய்யப் புண் அழுகி நாறுகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுகம் கிடைக்கிறது. அதே மனிதருக்கு நோய் குணமான பிறகு, இரண்டு பேர் கையைப் பிடித்து அதே நெருப்பருகே இழுத்தால் உடம்பை முறுக்கித் திமிறுவார். நெருப்பு அன்றும் சுட்டது, இன்றும் சுடுகிறது. அன்று அவருடைய புலன் பழுதுபட்டிருந்தது என்று புத்தர் விளக்குகிறார். கிரேக்கத்தில் பிளேட்டோ எழுதிய ‘கார்கியாஸ்’ உரையாடலிலும் கிட்டத்தட்ட இதே கேள்வி வருகிறது. அரிப்பெடுத்தவன் ஆயுள் முழுக்க ஆசைதீரச் சொறிந்துகொண்டிருக்க முடிந்தால், அவன் நன்றாக வாழ்ந்தான் என்று சொல்லலாமா என்று கலிக்ளீஸை சாக்ரடீஸ் மடக்குகிறார்.

இருவரும் ஆசையை விளக்கத்தான் தோலைத் துணைக்கு அழைத்தார்கள். இன்றைய நரம்பியல் அந்த உவமையைச் சொல்லுக்குச் சொல் உண்மையாக்கிவிட்டது. தீராத தோல்நோயும் போதைப் பழக்கமும் ஒரே மனிதரிடம் சேர்ந்து வருவது அடிக்கடி நடக்கிறது. அதற்கு உடலிலேயே காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்கள் தெரியாததால் நாம் இரண்டையும் ஒழுக்கக் குறையாகப் பார்க்கிறோம். தோல்நோயாளியிடம் ‘கையை வைச்சுக்கிட்டுச் சும்மா இரு’ என்றும், குடிநோயாளியிடம் ‘மனசு வைச்சா விடலாம்’ என்றும் ஒரே குரலில் சொல்லிவருகிறோம்.

முதலில் சொறிதலைப் பார்ப்போம். 2013இல் பப்போயு, கில் யோசிபோவிட்ச் முதலானோர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆரோக்கியமானவர்களின் தோலில் அரிப்பை உண்டாக்கி, எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, சொறியும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அரிப்பை உண்டாக்க அவர்கள் பயன்படுத்தியது நம் வேலியோரங்களில் படரும் பூனைக்காலி. அதன் காயில் வெல்வெட் போலப் படிந்திருக்கும் சுணை மேலே பட்டால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அந்தச் சுணையில் உள்ள மியூகுனெய்ன் என்ற நொதி, தோலின் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. சொறியத் தொடங்கியதும் மூளையின் நடுப்பகுதியில் உள்ள வென்ட்ரல் டெக்மென்டல் பகுதி உள்ளிட்ட வெகுமதிச் சுற்று விழித்துக்கொண்டது. சாராயம், நிகோடின், ஹெராயின் எல்லாம் வந்து தட்டுவதும் டோபமைன் சுரக்கும் இந்தச் சுற்றைத்தான். இன்னொருவர் சொறிந்துவிட்டபோது இருந்ததைவிடத் தானே சொறிந்தபோது விளைவு வலுவாக இருந்தது. 2015இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் நாள்பட்ட அரிப்புநோய் உள்ளவர்களையும் ஸ்கேன் செய்தார்கள். சொறியும்போது அவர்களுடைய வெகுமதிச் சுற்று மற்றவர்களுடையதைவிட அதிகமாகத் துள்ளியது. கையை அசைக்க ஆணையிடும் பகுதிகளும் அப்படியே.

பூனைக்காலியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுணை அரிப்பைத் தருகிறது. உள்ளே இருக்கும் விதையில் எல்-டோபா நிறைந்திருக்கிறது. டோபமைனை மூளை அதிலிருந்துதான் செய்துகொள்கிறது. இது வெறும் தற்செயல்தான். ஆனாலும் ஒரே காயில் அரிப்பும் அதைத் தணிக்கும் சுகத்தின் மூலப்பொருளும் அடுத்தடுத்து இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நாள்பட்ட எக்ஸிமா உள்ளவரின் கையை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். புண் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு நகங்களைப் பாருங்கள். மெருகு போட்டதுபோலப் பளபளவென்றிருக்கும்; நுனி தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். மாதக்கணக்கில் இரவும் பகலும் தோலின்மேல் உரசி உரசி வந்த மினுமினுப்பு அது. அரிப்பு எவ்வளவு என்று நோயாளி சொல்லாவிட்டாலும் நகம் சொல்லிவிடும். அவர் சொறியும் இடத்தில் தோல் தடித்து, கோடுகள் ஆழமாகி, தொட்டால் தோல்பை போல இருக்கும். தடித்த தோல் இன்னும் அரிக்கும். அரிப்பது தாங்காமல் சொறிவார், சொறிவதால் தோல் கெடும், கெட்ட தோல் இன்னும் அரிக்கும். இதிலிருந்து வெளியே வர ‘சொறியாதே’ என்ற அறிவுரை போதும் என்றால், ‘குடிக்காதே’ என்ற அறிவுரையால் மதுக்கடைகள் எப்போதோ காலியாகியிருக்க வேண்டும்.

அரிப்புக்கும் போதைக்கும் உள்ள உறவு டோபமைனோடு நிற்பதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் மார்ஃபின் போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு மூக்கும் முகமும் அரிக்கும். மார்ஃபின் ஒட்டிக்கொள்ளும் மியூ ஏற்பிகள் வலியை அடக்கும், அரிப்பைக் கிளப்பும். அவற்றை அடைத்துவிடும் நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரையைக் கொடுத்தால் அரிப்பு குறைகிறது. கல்லீரல் நோயில் பித்தம் தேங்கி வரும் கொடிய அரிப்புக்கு மற்ற மருந்துகள் பலிக்காதபோது இதைக் கொடுப்பதுண்டு. இதே நால்ட்ரெக்ஸோனைக் குடிநோய்க்குத் தர 1994இல் அமெரிக்கா அனுமதித்தது. குடித்தால் கிடைக்கும் கிளுகிளுப்பை அது மழுக்குகிறது. தோல் டாக்டரும் மனநல மருத்துவரும் வேறு வேறு சீட்டில் ஒரே மாத்திரையை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தோல் தன் பங்குக்கு மார்ஃபின் வகைப் பொருளான ஓபியாய்டைத் தானே தயாரிக்கவும் செய்கிறது. வெயில் பட்டால் தோலின் மேலடுக்குச் செல்கள் ஒரு பெரிய புரதத்தைச் செய்து அதைத் துண்டுபோடுகின்றன. ஒரு துண்டு நம்மைக் கறுக்கவைக்கிறது. இன்னொரு துண்டு பீட்டா-எண்டார்ஃபின், உடம்பின் சொந்த மார்ஃபின். 2014இல் ஹார்வர்டில் டேவிட் ஃபிஷரின் குழு, முதுகு மழித்த எலிகளுக்கு ஆறு வாரம் புற ஊதா ஒளி காட்டியது. பிறகு ஓபியாய்டை முறிக்கும் மருந்தைக் கொடுத்ததும் எலிகள் நடுங்கின, பல்லைக் கடகடவென்று கடித்தன. ஹெராயினை நிறுத்தியவர்களிடம் காணப்படும் அறிகுறிகளின் எலி வடிவம் அது. தோல் என்பது போதைப்பொருள் வெளியிலிருந்து தாக்கும் ஒரு போர்வை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்த ஆய்வு பெரிய திருப்பமாக இருந்தது.

இனி இரவுக்கு வருவோம்.

மாலையில் தோலின் வெப்பம் ஏறுகிறது. வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் இரவில் குறைந்திருக்கிறது. பகலில் கவனத்தைத் திருப்பிய வேலையும் பேச்சும் இல்லை. எனவே அரிப்பு இரவில்தான் உச்சத்துக்குப் போகிறது. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் புரளும் ஒருவர், ஒருநாள் குடித்துவிட்டுப் படுத்தபோது உடனே தூங்கிப்போனதைக் கண்டுகொள்கிறார். அதன் பிறகு அது அவருக்கு மருந்து. ஆனால் மது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது, தோல் சூடாகிறது, நள்ளிரவில் போதை இறங்கும்போது தூக்கம் உடைகிறது. அரிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வருகிறது. மறுநாள் அளவு கூடுகிறது. இந்த மனிதரைக் குடிகாரர் என்று அழைக்கும் முன், அவர் எத்தனை இரவு தூங்கவில்லை என்று கேட்க வேண்டும்.

சொரியாசிஸ் இந்த உறவை மிகத் தெளிவாகக் காட்டும் நோய். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். நம் தோலின் மேலடுக்கு சாதாரணமாக ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்லப் புதுப்பித்துக்கொள்ளும். சொரியாசிஸில் அந்த வேலை சில நாட்களில் நடந்துமுடிகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காகக் குவிந்து, முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் சிவந்த தடிப்பின்மேல் வெள்ளிச் செதில்களாக உதிர்கின்றன. காலையில் எழுந்ததும் வீட்டார் பார்க்கும் முன் பாயை உதறிக் கூட்டிவிடுவது, கறுப்புச் சட்டையைத் தவிர்ப்பது, சலூனில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போவது, கல்யாணப் பேச்சில் மறைப்பது என்று ஒரு தனி வாழ்க்கையை இந்த நோய் கற்றுக்கொடுத்துவிடுகிறது. இது தொற்றாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும், கட்டிப்பிடித்தாலும் தொற்றாது. உலக சுகாதார அமைப்பின் பேரவை 2014இல் இதைக் கடுமையான தொற்றாநோய் என்று அங்கீகரித்துத் தீர்மானம் போட்டபோது, நோயாளிகள் படும் ஒதுக்கலையும் சேர்த்தே பேசியது.

1990இல் பின்லாந்திலிருந்து ஓர் ஆய்வு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்தது. சொரியாசிஸ் வந்த 144 ஆண்களிடமும், வேறு தோல்நோய் உள்ள 285 ஆண்களிடமும், நோய் வருவதற்கு முன்பு எவ்வளவு குடித்தீர்கள் என்று விசாரித்தார்கள். வேறு தோல்நோய் உள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 21 கிராம் ஆல்கஹால் குடித்திருந்தார்கள். சொரியாசிஸ் வந்தவர்கள் குடித்தது சுமார் 43 கிராம். நம் ஊர்க் கணக்கில் இது எவ்வளவு? டாஸ்மாக்கில் விற்கும் 180 மில்லி ‘குவார்ட்டர்’ பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். அதாவது, அந்த 43 கிராம் ஒரு குவார்ட்டரை முழுதாக முடிக்காதவரின் அளவு. ‘ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார்’ என்று நம் ஆட்கள் சொல்வது அந்த அளவையும் தாண்டிவிட்டது.

அமெரிக்காவில் 82,869 செவிலியர்களை 1991 முதல் 2005 வரை பின்தொடர்ந்த ஆய்வு 2010இல் வெளியானது. வாரத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ சாதாரண பீர் குடித்த பெண்களுக்கு சொரியாசிஸ் வரும் வாய்ப்பு முக்கால் மடங்கு கூடுதலாக இருந்தது. வைனிலும் மற்ற மதுவிலும் அந்த உறவு தெரியவில்லை. இதை வைத்து ‘பீர் கூடாது, பிராந்தி பரவாயில்லை’ என்று முடிவுகட்டுவது தவறு. மது உடம்பில் வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப்-ஆல்ஃபாவைப் பெருக்குகிறது என்பதும், குடலின் அரணைத் தளர்த்திக் கிருமிகளின் கழிவை ரத்தத்துக்குள் கசியவிடுகிறது என்பதும் எல்லா மதுவுக்கும் பொருந்தும். சொரியாசிஸுக்கு இன்று போடும் விலையுயர்ந்த ஊசிகளில் சில, இதே டி.என்.எஃப்-ஆல்ஃபாவைக் கட்டிப்போடத்தான் செய்யப்பட்டவை.

ஆக, குடி நோயைக் கூட்டுகிறது. நோய் குடியைக் கூட்டுகிறது. எது முதலில் என்ற கேள்விக்கு ஒவ்வொரு நோயாளியிடமும் வேறு விடை கிடைக்கலாம். விளைவில் மட்டும் சந்தேகம் இல்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 55,537 சொரியாசிஸ் நோயாளிகளை, அந்த நோய் இல்லாத எட்டரை லட்சம் பேரோடு ஒப்பிட்டு 2017இல் எழுதினார்கள். மதுவால் வரும் மரணம் சொரியாசிஸ் உள்ளவர்களிடம் 58 சதவீதம் அதிகம். அப்படி இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது மதுவால் கெட்ட கல்லீரல். தோலில் தொடங்கிய கதை கல்லீரலில் முடிந்திருக்கிறது.

சிகிச்சையும் இங்கேதான் சிக்கலாகிறது. சொரியாசிஸுக்கு உலகம் முழுக்க அதிகம் தரப்படும் மாத்திரைகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அதன் பின்னால் நமக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்துக்குப் போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுதான் ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் இந்த வகை மருந்துகளைச் செய்தது. 1951இல் மூட்டுவாதத்துக்கு இதன் முன்னோடியான அமினோப்டெரினைக் கொடுத்தபோது சொரியாசிஸ் தடிப்புகளும் அடங்குவதை கப்னர் என்ற மருத்துவர் கவனித்தார். விலை குறைவு, வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். ஏழை நோயாளிக்கு வரப்பிரசாதம். ஆனால் அதுவும் கல்லீரலைப் பதம்பார்க்கும். குடிப்பவருக்கு அதைக் கொடுக்க டாக்டர் தயங்குவார். குடிப்பதை மறைத்து வாங்கிப் போட்டால் கல்லீரலுக்கு இரட்டை அடி. இன்னொரு மாத்திரையான அசிட்ரெடின், மது சேரும்போது எட்ரெடினேட் என்ற பொருளாக மாறி, கொழுப்பில் தங்கி, உடம்பை விட்டு வெளியேற ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். கருவைச் சிதைக்கக்கூடியது என்பதால் பெண்களுக்கு இது மிகப் பெரிய ஆபத்து. குடியைப் பற்றிய ஒரு பொய், எழுதப்படும் மருந்துச் சீட்டையே தவறாக்கிவிடும்.

புகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க்கொப்புளம் போடும் ஒரு நோயில், நோயாளிகளில் மிகப் பெரும்பாலானவர்கள் புகைப்பவர்களாகவோ முன்பு புகைத்தவர்களாகவோ இருக்கிறார்கள். அக்குளிலும் தொடையிடுக்கிலும் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வரும் ஹைட்ராடினைட்டிஸ் நோயிலும் புகைப்பவர்களே அதிகம். அமெரிக்காவில் அந்த நோய் உள்ளவர்களில் 4 சதவீதத்தினருக்குப் போதைப் பழக்க நோயும் பதிவாகியிருந்தது. மற்றவர்களில் அது 2 சதவீதம். நாற்றமும் வலியும் தனிமையும் சேர்ந்த நோய் அது. வலி மாத்திரையில் தொடங்கி அதற்கே அடிமையாகிறவர்களும் இதில் உண்டு.

நம் நாட்டுக்கு இன்னொரு பிரச்சினை இருக்கிறது. இதில் அடிமையாவது தோலே. 1979இல் ஆல்பர்ட் கிளிக்மேனும் பீட்டர் ஃப்ராஷும் ‘ஸ்டீராய்டு அடிமைத்தனம்’ என்ற பெயரில் ஒரு கட்டுரை எழுதினார்கள். முகத்தில் வீரியமான ஸ்டீராய்டு களிம்பைப் பூசினால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, சிவப்பும் அரிப்பும் உடனே மறைந்து, முகம் வெளுத்துப் பளிச்சென்று ஆகும். வாரங்கள் போகத் தோல் மெலியும். நிறுத்தினால் அடக்கிவைத்த குழாய்கள் ஒரேயடியாக விரிந்து, முகம் நெருப்பாய் எரிந்து சிவக்கும், பருக்கள் வெடிக்கும். பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். எரிச்சல் உடனே அடங்கும். மூளையின் ஏக்கம் இதில் இல்லை என்பதால் குடிநோயோடு இதை ஒன்றாக்கிவிட முடியாது. ஆனால் நிறுத்தினால் வதைக்கிறது, அதே பொருள்தான் அந்த வதையைத் தீர்க்கிறது என்ற பூட்டு இரண்டிலும் ஒன்றுதான்.

இந்தியாவின் 12 மையங்களில் முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 126 பேர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவோ சாதாரண முகக் களிம்பாகவோ நினைத்துப் பூசியவர்கள். படர்தாமரைக்கு மருந்துக் கடையில் ‘அரிப்புக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளிலும் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். உள்ளே பூஞ்சை கொழிக்கும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, கடைகளில் பழக்கம் மாறவில்லை என்பதே என் வருத்தம். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று இதற்குப் பொருளல்ல. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை பூசினால் எக்ஸிமாவுக்கு அதைவிட நல்ல மருந்து அரிது. முகத்தில் பல மாதம் பூசியவர்கள் பயந்து ஒரேநாளில் தூக்கியெறியாமல், தோல் மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகக் குறைப்பதே சரி.

இவ்வளவும் தெரிந்த பிறகு சிகிச்சை எப்படி மாற வேண்டும்? சொறியும் பழக்கத்தை உடைக்க ஒரு நல்ல முறை ஏற்கெனவே இருக்கிறது. 1973இல் அஸ்ரினும் நன்னும் தன்னையறியாமல் செய்யும் பழக்கங்களுக்காக உருவாக்கியதை, ஸ்வீடனில் நோரனும் மெலினும் 1980களில் எக்ஸிமாவுக்குக் கொண்டுவந்தார்கள். சொறிய வேண்டும் என்ற உந்துதல் வந்ததும் இரண்டு கைகளையும் இறுக மூடி அரை நிமிடம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அரித்தால் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். களிம்பு மட்டும் பூசியவர்களைவிடக் களிம்போடு இதையும் செய்தவர்களுக்குப் புண் நன்றாக ஆறியது. குடிநோய்க்கும் புகைக்கும் தரும் பயிற்சிகளோடு இதற்கு நெருங்கிய உறவுண்டு. உந்துதலை அடையாளம் காண்பது, அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை தருவது, அலை தணியும்வரை தாங்குவது.

தோல் பிரிவின் புறநோயாளிகள் வரிசையில் டாக்டர் ‘குடிப்பீங்களா?’ என்று கேட்பதும், பக்கத்தில் மனைவி நிற்க, பின்னால் பத்துப் பேர் காத்திருக்க, ‘எப்பவாவது’ என்று பதில் வருவதும் அன்றாடக் காட்சி. அந்தக் கேள்வியால் பயனில்லை. குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார அமைப்பு தரும் ஆடிட் வினாத்தாளில் முதல் மூன்று கேள்விகளே போதும். எத்தனை நாளுக்கொருமுறை குடிக்கிறீர்கள், குடிக்கும் நாளில் எவ்வளவு, ஒரே நேரத்தில் ஆறு அளவோ அதற்கு மேலோ போவது எத்தனை முறை? ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. இதைத் தனியாக, குற்றம் சாட்டாத குரலில் கேட்க இரண்டு நிமிடம் ஆகும். அதேபோல, மறுவாழ்வு மையத்தில் சேரும் ஒவ்வொருவரின் சட்டையையும் கழற்றித் தோலைப் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். அரிப்பு அடங்காத உடம்போடு வீட்டுக்கு அனுப்பினால், அவர் மறுபடி குடிக்க நாமே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தனுப்புகிறோம்.

உங்களுக்கு நாள்பட்ட தோல்நோய் இருந்து, குடியோ புகையோ மாத்திரையோ சேர்ந்திருந்தால், அடுத்த முறை தோல் டாக்டரிடம் போகும்போது தனியாக இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி, உண்மையான அளவைச் சொல்லுங்கள். தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் ஒரேநாளில் நிறுத்தாதீர்கள். வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. அதில் தமிழிலேயே பேசலாம்.